தலைமாட்டு இரும்பு

கீச் என்றது எதுவோ. குஞ்சுப் பறவையின் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி ஒரு கீச், அதன் பின்னால் கிர்ர்ரென்று ஒரு சின்ன உறுமல், பிறகு டொக். ஜெனிட்டாவின் பேனா 'சமூகம் என்பது' என்ற இடத்தில் நின்றுவிட்டது. இருட்டி அதிக நேரம் ஆகியிருக்கவில்லை, கீழ்த் தளத்தில் யாரோ தோசை வார்க்கும் வாசனை இன்னும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது, மேல்வீட்டுச் சீரியலில் ஒருத்தி விடாமல் அழுதுகொண்டிருந்தாள், லிஃப்ட் தன் வழக்கப்படி இரண்டு மாடிகளுக்கு நடுவே ஒரு முறை முனகியது. பிள்ளையோடு இந்தக் குடியிருப்புக்குத் திரும்பி வந்ததிலிருந்து எல்லாச் சத்தத்துக்கும் அவள் பேர் வைத்துவிட்டாள், தண்ணீர் மோட்டாருக்கு ஆஸ்துமாக்காரர் என்று பேர். இந்தச் சத்தமும் தெரிந்த சத்தம்தான். அவளுடைய வீட்டு வாசல் கதவு திறக்கும்போது போடுகிற சத்தம். கடைக்குப் போய்விட்டு வந்து பெருவிரலைப் பூட்டின் மேல் வைத்தால் கீச், கிர்ர், டொக். ஆனால் இப்போது அவள் வீட்டுக்குள்ளே இருக்கிறாள், பெருவிரல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவளோடு இந்த வீட்டில் இருக்கிற இன்னொரு உயிருக்குப் பெருவிரலை வாய்க்குள் வைக்க மட்டும்தான் தெரியும்.

எழுந்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை, கால்கள் எழுந்துவிட்டிருந்தன. கொசுவலைக்குள் அமலி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, போலீஸ்காரரிடம் சரணடைந்தவள் மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். மூச்சு இருக்கிறது, வயிறு ஏறி இறங்குகிறது. ஒரு நாளில் எத்தனை தடவை இதைப் பார்க்கிறாள், பார்த்த மறுநிமிஷமே பார்த்ததை நம்பாமல் மறுபடி பார்க்கிறாள். கூடத்துக்கு வந்தால் வாசல் கதவு உள்ளங்கை அகலத்துக்கு விலகி நின்றது. அந்த இடைவெளியில் வெளியே நடைபாதையின் இருட்டு. நடைபாதை விளக்கு யாராவது நடந்தால் தானே எரியும், எரியவில்லை என்றால் யாரும் நடக்கவில்லை. அப்பாடா என்று நினைத்த அதே மூச்சில், அல்லது யாரோ அசையாமல் நிற்கிறார்கள் என்றும் நினைத்தாள். அப்புறம் அந்த நினைப்பை எடுத்து எங்கே வைப்பது? அருள் நிறைந்த மரியே என்று வாய் ஆரம்பித்தது, பாதியில் எந்த வரி என்று மறந்தது, தோளால் கதவை ஓங்கித் தள்ளினாள். பூட்டு சந்தோஷமாக ஒரு கீச் சொல்லித் தானே பூட்டிக்கொண்டது. அதற்கு என்ன, யார் வந்தாலும் சந்தோஷம், யார் போனாலும் சந்தோஷம்.

கப்பலில் எஞ்சினியராக இருக்கிற அவள் கணவன் கிளாட்வின், பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது வாங்கி மாட்டிய பூட்டு இது. 'சாவியே வேண்டாம் ஜெனி, உலகத்துல எங்க இருந்தாலும் போன்ல ஒரு அமுக்கு, கதவு திறந்துரும்' என்று படம் அனுப்பினான், கூடவே மூன்று சிரிக்கிற முகம். கதவைத் திறந்துவிட்டு என்ன செய்வான், கப்பல் எங்கோ நடுக்கடலில் அல்லவா இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவன் கடலில் சிக்னல் கிடைக்காதபோது யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று தூத்துக்குடியில் இருக்கும் தன் அம்மாவின் போனிலும், அக்கா சீலியாவின் போனிலும் அதே அமுக்கை வைத்துக் கொடுத்தான். மாமனாருக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ், மாமியால் இங்கே வந்து தங்க முடியாது. மாமிக்குப் பதிலாகப் படுக்கையறைச் சுவரில் ஒரு கேமரா வந்து தங்கியது. வெள்ளையாக, உருண்டையாக, ஒற்றைக் கண்ணோடு. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் ஜெனிட்டாவுக்குக் கான்வென்ட் ஞாபகம் வரும், படிப்பு அறைச் சுவரில் முக்கோணத்துக்குள் வரைந்திருந்த கண், யாரும் பார்க்காதபோதும் ஒருவர் பார்க்கிறார். அந்தக் கண்ணாவது குரூப்பில் போட்டோ போடாது. போன வாரம் 'பிள்ளைக்குக் காது மூடவில்லை, மின்விசிறி ஓடுகிறது' என்று குடும்பக் குரூப்பில் சீலியா மைனி எழுதியிருந்தாள், கூடவே படம், படத்தின் ஓரத்தில் அவிழ்ந்த முடியும் நைட்டியுமாக ஜெனிட்டாவின் பாதி. பதினோராம் வகுப்புப் படிக்கிற மைனியின் மகன் அதற்குக் கட்டைவிரல் காட்டியிருந்தான்.

பழைய தாழ்ப்பாள் என்ன ஆனது என்று வந்த அன்றைக்கே பார்த்தாள். கதவின் மேல்பக்கத்தில் இருந்த நீளமான இரும்புத் தாழ்ப்பாளைக் கழற்றி, திருகாணித் துளைகளுக்கு மக்கு வைத்து அடைத்து, மேலே பெயிண்டும் அடித்திருந்தார்கள். மேல்சட்டத்தில் அது போய் நுழைகிற துளை மட்டும் கேட்பாரற்று வாயைத் திறந்தபடி இருந்தது. அது மாமியின் உத்தரவு. அந்தக் குடும்பத்தில் பிள்ளை பெற்றவள் படுக்கும் இடத்தில் தாழ்ப்பாள் போடக்கூடாது. மாமியின் தங்கை ரீத்தா, தலைப்பிள்ளை பிறந்து கொஞ்ச நாளில், கதவைத் தாழிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. உள்ளே பிள்ளை கத்தக் கத்த, வெளியே கோடாலி தேடி ஓடினார்களாம். பிள்ளை பிழைத்தது. அந்தப் பிள்ளை இப்போது மஸ்கட்டில் இருக்கிறது, மொட்டைத் தலையோடு, வட்டமாக. ஆனாலும் மாமி அந்தக் கதையைச் சொல்லும்போது கோடாலி இப்போதுதான் விழுகிற மாதிரி தோளைக் குறுக்கிக்கொள்வாள். அதனால் ஜெனிட்டா ஒன்றும் கேட்கவில்லை. கழற்றிய தாழ்ப்பாளைத் தச்சர் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அடுக்களை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். 'பிள்ளை தலைமாட்டுல இரும்பு எதாச்சும் வையி பிள்ள, ராத்திரி பயப்படாது' என்று மாமி போனில் சொன்னபோது, கத்தி வைக்கப் பயந்து, கத்தரிக்கோல் வைக்கவும் பயந்து, கூர் இல்லாத இரும்பாக அதைத்தான் எடுத்துத் துணியில் சுற்றி மெத்தைக்கு அடியில் வைத்தாள். பிள்ளை பயப்படவில்லை. பயமெல்லாம் இவளுக்குத்தான், இவள் தலைமாட்டில் யாரும் எதுவும் வைக்கச் சொல்லவில்லை.

கதவை விட்டுப் போக மனம் வரவில்லை. ஓடிப்போய் எழுதிக்கொண்டிருந்த தாள்களை எடுத்து வந்து, கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, கால்களை மடக்கி, முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டாள். தபால் வழி எம்.ஏ. சமூகவியல், நாளைக்குத் தாள்களைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், கையெழுத்தில்தான் வேண்டுமாம். தொழில்நுட்பம், சமூகம், பண்பாடு ஆகியவற்றை வரையறுத்து அவற்றுக்கிடையே உள்ள தொடர்பைத் தக்க சான்றுகளுடன் விளக்குக. அமலியின் வெள்ளிக் காப்பை வைத்து மூன்று வட்டம் போட்டிருந்தாள், ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல், பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே. தொழில்நுட்பம் என்பது மனிதன் தன் தேவைகளுக்காக உருவாக்கிய கருவிகளும் அவற்றைக் கையாளும் அறிவும். சரி. பண்பாடு என்பது ஒரு மக்கள் கூட்டம் தலைமுறை தலைமுறையாகக் கைக்கொள்ளும் வாழ்முறை. அதுவும் சரி. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, வட்டம் வட்டமாக, கதவுதான் திறந்துகொண்டது. மனிதன் தன் தேவைக்காக உருவாக்கினான், எந்த மனிதன், யார் தேவைக்கு? கிளாட்வினின் தேவை, நிம்மதியாகக் கப்பலில் தூங்க வேண்டும். மாமியின் தேவை, ரீத்தா மறுபடி சாகக்கூடாது. மைனியின் தேவை என்னவோ. இந்த மூன்று வட்டமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற அந்தச் சின்ன இடத்தில், காப்பின் உள்ளே ஒரு பட்டாணி அளவு இடத்தில், யாரோ கதவில் முதுகை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் தேவை என்ன என்று எழுத ஒரு கோடு இல்லை. யோசித்துப் பார்த்தால் இந்த நிமிஷத்தில் தாழ்ப்பாளே அவள்தான். ஐம்பத்திரண்டு கிலோ, தூக்கம் கிடையாது, முதுகுத் தண்டில் சிசேரியனுக்குப் போட்ட ஊசியின் வலி.

கீச். அவளுடைய முதுகெலும்புக்குள்ளேயே கேட்டது. கிர்ர்ரென்று பூட்டின் மோட்டார் தோள்பட்டைக்குப் பின்னால் சுழன்றது, பல் டாக்டர் ராவுகிற மாதிரி மரம் முழுக்க அதிர்ந்தது, டொக். கதவு ஒரு நூல் உள்ளே வந்து அவள் மேல் சாய்ந்தது. குதிகாலைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுத்தாள், தாள்கள் சிதறின, வாய் திறந்திருந்தது, கத்தவில்லை, கத்தினால் பிள்ளை எழுந்துவிடும் என்று அந்த நேரத்திலும் ஒரு மூலையில் ஓடியது. யார் என்று கேட்கலாமா, கேட்டால் உள்ளே ஒரு பெண் தனியாக இருப்பது தெரிந்துவிடுமே. வெளியே ஓர் அசைவும் இல்லை. தள்ளவும் இல்லை. அப்போதுதான் படுக்கையறைக்குள்ளிருந்து, பிள்ளை இருக்கிற அறைக்குள்ளிருந்து, ஒரு கிழவியின் குரல், தகர டப்பாவுக்குள் வாயை வைத்துப் பேசுகிற மாதிரி, 'ஏ பிள்ள' என்றது. உடம்பில் இருந்த அத்தனை ரோமமும் எழுந்தது. இங்கே விட்டால் கதவு திறக்கும், அங்கே போகாவிட்டால் பிள்ளை. இரண்டு இடத்தில் இருக்க ஓர் உடம்பு போதவில்லை, யோசிக்கவும் இல்லை, கதவை விட்டுவிட்டு ஓடினாள், நிலையில் தோள் இடித்தது, கொசுவலையைப் பிய்த்துப் பிள்ளையை வாரி நெஞ்சோடு வைத்துச் சுவரில் ஒண்டிக்கொண்டு நின்றாள். 'ஏ பிள்ள ஜெனிட்டா, கேக்குதா? இதுல பேசுனா கேக்குமோ என்னமோ. எஞ் சேசுவே, ஒரே வெள்ளையால்ல இருக்கு.' பல்லி ஒன்று கேமராவை விட்டு ஓடியது. கேமராவின் மேல், சாயங்காலம் பால் கொடுக்கும்போது அவள் தூக்கிப் போட்ட வெள்ளைத் துண்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

'மாமி?' என்றாள், தன் குரலா என்றிருந்தது. 'அட, இருக்கியா! எங்க போன? எத்தன தடவ போன் அடிக்க? பிள்ளை மூச்சு விடுதா பாரு.' 'விடுது மாமி. போன் அடுக்களையில சார்ஜ்ல கிடக்கு, பிள்ளை முழிச்சிரும்னு சத்தத்தைக் குறைச்சு வச்சேன். கதவை நீங்கதான் திறந்தீங்களா?' 'நாந்தான். எதுத்த வீட்டு சுந்தரவல்லிக்குப் போன் போட்டு, நான் திறந்துவிடுதேன், உள்ள போயி ஒரு எட்டு பாருங்கன்னேன். வரலியா அவ?' 'வரல.' 'கோயில்ல இருக்கேன், இந்தா வாரேன்னாளே. வந்திருப்பா, கதவு திரும்பப் பூட்டிக்கிட்டோன்னு மறுபடியும் அமுக்குனேன். அப்புறம் எதையோ தொட்டேன், மைக்கு படம் வந்துச்சு, பேசுனேன்.' ஜெனிட்டாவுக்குச் சிரிப்பு வருகிற மாதிரியும் இருந்தது, எதையாவது எடுத்துச் சுவரில் எறிய வேண்டும் போலவும் இருந்தது. அங்கே தூத்துக்குடியில் கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்து ஒரு விரலால் அமுக்கினால் இங்கே யாரும் இல்லாத நடைபாதைக்கு அவள் வீடு திறந்து கிடக்கிறது, இவ்வளவுதானா, இதற்குத்தானா அவள் ஆயுசு குறைந்தது. பிள்ளையோடு போய்க் கதவைச் சாத்திவிட்டு, போனை எடுத்து வந்து, தூக்கம் கலையாத பிள்ளையைப் பழையபடி கிடத்தி, மாமியைத் தானே கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தாள். 'எதுக்குப் பிள்ள அதுல துண்டைப் போட்ட? என்கிட்ட என்ன வெக்கம், நானும் நாலு பெத்தவதான்.' 'உங்ககிட்ட இல்ல மாமி. மைனி போன்லயும் தெரியுது, மைனி மகன் கம்ப்யூட்டர்லயும் தெரியுது.' 'அவன் படிக்கிற பய.' 'படிக்கிற பய கண்ணை மூடிக்கிட்டா படிக்கான்?' இப்படி ஒரு பதிலை ஜெனிட்டா கல்யாணமான நாளிலிருந்து சொன்னதில்லை, சொன்ன வாயை அவளே தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

'நான் தாழ்ப்பாள் போடப்போறேன் மாமி.' 'அதான் கழட்டியாச்சே.' 'இருக்கு. பிள்ளை தலைமாட்டுல.' 'அங்க எதுக்கு?' 'நீங்கதான இரும்பு வைக்கச் சொன்னீங்க.' மாமி ஏதோ சொல்ல வந்து, அது இருமலாகி, இருமல் முடியும்போது குரல் மாறியிருந்தது. 'வேண்டாம் பிள்ள. நீ மயங்கிக் கியங்கி விழுந்துட்டா? ரீத்தாவ நெனச்சுத்தான் எனக்கு ஈரக்கொலையே நடுங்குச்சு.' இந்த இடத்தில் வழக்கமாக ஜெனிட்டா சரி மாமி என்பாள். ரீத்தா என்ற பேர் வந்தால் அப்புறம் யாரும் பேச மாட்டார்கள், அது அந்தக் குடும்பத்தின் கடைசிப் பேச்சு. அவளுக்கும் அந்தப் பயம் உண்டு, இல்லை என்று யார் சொன்னது, குளிக்கும்போது வழுக்கினால், தூக்கத்தில் நெஞ்சு நின்றால், அமலி கத்தக் கத்த. ஆனால் இன்றைக்கு அந்தக் கதையின் இன்னொரு துண்டு, மாமியே எப்போதோ கருவாடு சுத்தம் செய்தபடி போகிற போக்கில் சொன்ன துண்டு, வாயில் வந்து நின்றது. 'மாமி, ரீத்தா சித்தி அந்த வாரம் பூரா காய்ச்சலோட கிடந்தாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. பகல்ல கதவு திறந்தேதான் இருந்துச்சு. யாரும் உள்ள போயி எப்படியிருக்கன்னு கேக்கலன்னும் நீங்கதான் சொன்னீங்க. தாழ்ப்பாள் என்ன மாமி செஞ்சுச்சு?' போனில் அந்தப் பக்கம் மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. போச்சு, எல்லாம் போச்சு, நாளைக்குக் குரூப்பில் என்னென்ன எழுதுவார்களோ. பிறகு மாமி மெதுவாக, 'மீன் ஏலத்துக்குப் போற அவசரம் எங்களுக்கு' என்றாள். 'வாசல்ல நின்னு, ஏட்டி எந்திரின்னு சொல்லிட்டுப் போயிருவோம். உள்ள போகல.' மூக்கை உறிஞ்சுகிற சத்தம். 'திருகாணி இருக்கா?'

திருகாணி இல்லை. தச்சர் தாழ்ப்பாளைத்தான் வைத்துவிட்டுப் போனார், திருகாணிகளை அவர் பையில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். துணியைப் பிரித்து இரும்பைக் கையில் எடுத்தபடி அறையைச் சுற்றிப் பார்த்தாள், துண்டு போர்த்திய கேமராவில் வந்து கண் நின்றது. சுவரோடு அதைப் பிடித்திருந்தவை நான்கு நல்ல நீளத் திருகாணிகள். 'மாமி, கேமராவைக் கழட்டுறேன்' என்றாள். கேட்கவில்லை, சொன்னாள், இரண்டுக்கும் நடுவே இருந்த தூரத்தை அவள் நாக்கு ஒரே தாவாகத் தாண்டியிருந்தது. காய் நறுக்குகிற கத்தியின் முனையால் திருகத் திருக, அது முரண்டு பிடித்து, பிறகு இணங்கி, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வந்து விழுந்தது. ஒற்றைக் கண்ணை மெத்தையில் குப்புறக் கிடத்தினாள். பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவோரம் போட்டு ஏறி, மக்கு வைத்த துளைகளைக் குத்தித் தோண்டினாள், வெள்ளைத் தூள் கண் இமையில் விழுந்தது. துளை பெரிசு, திருகாணி ஒல்லி, விரலால் சுழற்றினாலே லொடலொடவென்று வந்துவிட்டது. அதற்கும் அவளுக்கு மருந்து தெரியும். கான்வென்ட் ஹாஸ்டலில் குளியலறைக் கதவு ஒன்றுக்கும் தாழ்ப்பாள் நிற்காது, நல்ல பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் எதற்கு என்பார் சிஸ்டர் கொலம்பா, சொல்லிக்கொண்டே படாரென்று திறப்பார். பத்தாம் வகுப்பில் தோழி டயானாவும் அவளும் சிற்றாலயத்து மெழுகுவர்த்தி மேடையிலிருந்து தீக்குச்சிகளைத் திருடி, மருந்தை உடைத்துவிட்டு, குச்சியைத் துளைக்குள் செருகி, காம்பஸ் முனையால் திருகாணியை முறுக்கினார்கள். மறுநாள் காலையில் சிஸ்டர் தள்ளினார், கதவு வரவில்லை. 'உள்ளே யாரு?' என்று கேட்டார். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் கேட்க வேண்டியிருந்தது. ஈரத் தலையோடு உள்ளே நின்று 'நான்தான் சிஸ்டர், ஜெனிட்டா' என்று சொன்னபோது, தன் பேர் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. இவ்வளவு நாள் அது எங்கே போய் ஒளிந்திருந்தது?

மாதா சுரூபத்துக்கு முன்னால் இருந்த தீப்பெட்டியிலிருந்து குச்சிகள். மாதாவே, கொஞ்சம் பொறுத்துக்கொள். துளைக்கு இரண்டு குச்சி, முனையைப் பல்லால் கடித்துச் செருகி, திருகாணியை வைத்து, உள்ளங்கை சிவக்கச் சிவக்கக் கத்தியைத் திருப்பினாள். மரம் முனகியது, பிடித்தது. நாலு மூலைக்கு நாலு. அமலி நடுவில் ஒரு தடவை சிணுங்கினாள், போனிலிருந்து மாமி 'ரோ ரோ ரோ' என்று ராகம் இழுக்க, கண்ணே திறக்காமல் மறுபடி தூங்கிவிட்டாள். அதற்குள் வெளியே விளக்கு எரிந்தது, கதவில் இரண்டு தட்டு. 'ஜெனிட்டா, நான் சுந்தரவல்லி. மாமி போன் பண்ணாங்க, பிரதட்சிணத்துல இருந்தேன்மா. நல்லாருக்கியா?' 'நல்லாருக்கேன் ஆன்ட்டி, பிள்ளை தூங்குது. காலையில வாங்க, காபி போட்டுத் தரேன். தட்டுங்க, நானே வந்து திறக்கிறேன்.' 'சரிம்மா' என்று செருப்புச் சத்தம் போனது. நாற்காலியில் நின்றபடியே, கதவின் மேல் தாளை வைத்து, விட்ட இடத்திலிருந்து எழுதினாள், எழுத்து மேலும் கீழும் ஏறி இறங்கியது. சமூகம் என்பது, ஒரு கதவுக்கு உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும். தொழில்நுட்பம், அவர்களுக்கு நடுவே வைத்த இரும்பு. எந்த இரும்பை யார் எப்போது தொடலாம் என்று யாரும் எழுதி வைக்காமலே எல்லாருக்கும் தெரிந்திருப்பது பண்பாடு. அது எழுதி வைக்கப்படாதது என்பதால் அதைத் திருத்தி எழுதவும் முடியும். தக்க சான்று: இந்த வீடு. மதிப்பெண் போடுகிறவர் என்ன நினைப்பாரோ, நினைக்கட்டும், வட்டங்களின் மேல் ஒரே கோடாக அடித்தாள்.

'மாட்டிட்டியா?' என்றாள் மாமி. 'மாட்டிட்டேன்.' 'நல்லா இழுத்துப் பாத்தியா? சும்மா பேருக்கு நிக்கும், தள்ளுனா வந்துரும்.' 'நீங்களே தள்ளிப் பாருங்க மாமி.' 'நானா?' 'அமுக்குங்க.' போனில் கண்ணாடி தேடுகிற சத்தம், 'எது, இந்தப் பச்சையா' என்கிற முணுமுணுப்பு. ஜெனிட்டா இரும்புக் கம்பியின் குமிழைப் பிடித்து மேலே தள்ளினாள். அடைபடாமல் விட்டிருந்த அந்தப் பழைய துளைக்குள் அது கரகரவென்று, துரு உதிர, கழுத்துவரை ஏறி உட்கார்ந்தது. நாற்காலியை விட்டு இறங்கி, இரண்டு எட்டு பின்னால் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு கதவுக்கு எதிரே நின்றாள். கீச். கிர்ர்ர். டொக். கதவு ஒரு நூல் உள்ளே வந்தது, மேலே இரும்பு ணங்கென்றது, அவ்வளவுதான். 'திறந்துச்சா?' 'இல்ல மாமி.' 'இன்னொரு தடவ அமுக்கட்டா?' 'அமுக்குங்க.' கீச், கிர்ர், டொக். 'இப்போ?' 'ம்ஹூம்.' மாமி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது, பிறகு சிரிப்புதான் என்று தெரிந்தது. 'கெட்டிக்காரிதாம்ட்டி. போய்ப் படு. காலையில நான் கூப்பிடுதேன், நீ எடு.' 'எடுப்பேன் மாமி.' பூட்டு தன்பாட்டுக்கு ஒரு தடவை கீச்சிட்டுத் தானே பூட்டிக்கொண்டது. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. ஜெனிட்டா விளக்கை அணைத்தாள், இருட்டில் கையை உயர்த்தி அந்தக் குமிழை இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.